டெங்கு இல்லையென்றால் வேறு காய்ச்சலே இல்லையா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் திருப்பூர் மாவட்டத்தில் குன்னத்தூர், ஊத்துக்குளி பக்கம் காய்ச்சல் என்று போகிறவருக்கு முதலில் டெங்கு பார்க்கிறார்கள். இல்லையென்று வந்துவிட்டால் ஓர் ஊசி, நான்கு மாத்திரை, ‘வைரல் ஃபீவர்’ என்ற ஒரு வார்த்தை. ஐந்து நாள் தாண்டியும் இறங்காத காய்ச்சலில் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலையும் சந்தேகிக்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015இலேயே வழிகாட்டியிருக்கிறது. அந்தச் சந்தேகம் நம் ஊர் ஓபி சீட்டுகளில் அபூர்வமாகத்தான் தெரிகிறது.

இந்த நோயைப் பரப்புவது மாட்டில் ஒட்டும் உண்ணி அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டைக்கே போய்விடுகிறது. எலியும் மூஞ்சூறும் அந்தக் குஞ்சுகளுக்குத் தீனியாகி, அவற்றைப் போகிற இடமெல்லாம் சுமந்து செல்கின்றன. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கு ஒன்று நிற்கும். வலி இருக்காது. அக்குள், தொடையிடுக்கு, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, மார்பின் அடி என்று துணி மூடிய இடமாகப் பார்த்து இருக்கும். எல்லோருக்கும் வராது, வந்திருந்தால் நோயை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் கூட்டம் நெரியும் ஓபியில் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்க்க யாருக்கு நேரம்?

பார்க்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். வழக்கமாக எழுதித் தரும் அமாக்சிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கேட்பது டாக்சிசைக்ளின், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இரண்டும் பழைய மருந்துகள், விலையும் குறைவு. சோதனை முடிவுக்குக் காத்திராமல் தொடங்கலாம் என்பதும் அதே வழிகாட்டுதல்தான்.

2025 ஜனவரியில் பொது சுகாதாரத் துறை எச்சரித்தபோது சென்னை, காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை என்று வட மாவட்டங்களின் பெயர்களே அடிபட்டன. நமக்கில்லை என்று இருந்துவிட முடியாது. எலிக்கு இங்கே என்ன குறை? கட்டிங் வேஸ்ட் குவியல், குப்பை கொட்டும் பள்ளம், உழாமல் விட்ட காடு, அதை ஒட்டியே பனியன் கம்பெனி ஆட்களின் லைன் வீடுகள். ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போகும் என்பதால் ஒடிசாவிலிருந்து வந்த பையன் மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போகிறான்.

உண்ணி என்றாலே பறவைகள் மேலும் சந்தேகம் விழுவதுண்டு, அவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் லைம் நோயின் கிருமி எலிகளிடம் தங்குகிறது. அதைச் சுமக்கும் உண்ணிகளைப் பறவைகள் தூர தேசம் கொண்டுபோகின்றன. 1957இல் கர்நாடகத்தில் உண்ணியால் பரவும் கியாசனூர் காட்டு நோய் வெடித்தபோதும் சைபீரியப் பறவைகள் மேல் சந்தேகம் விழுந்தது. அந்தச் சந்தேகத்தில்தான் பறவையியலாளர் சலீம் அலியின், பறவைகளுக்கு வளையமிடும் ஆய்வுக்கு உலக சுகாதார நிறுவனம் கைகொடுத்தது. ஸ்க்ரப் டைபஸில் முதல் கணக்கு எலியுடையது. உண்ணியைச் சாக்கிட்டு யாரும் திருப்பூர் நஞ்சராயன் குளத்துப் பறவைகளைப் பழிக்க வேண்டாம்.

எலி மருந்து வைப்பதோடு பேரூராட்சி நின்றுவிடவும் கூடாது. எலி செத்தால் பசித்த உண்ணி அடுத்த உடம்பைத் தேடும். முதலில் லைன் வீடுகளைச் சுற்றிய புதரை வெட்டிக் குப்பையை அள்ள வேண்டும். எலி ஒழிப்பு அதன் பிறகு. இந்த நோயைக் கண்டறியும் எலைசா பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து அனுப்பும் ஏற்பாடு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும். காய்ச்சல்காரருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்பு தருவது கம்பெனிகளின் பொறுப்பு. இவையெல்லாம் வரும் ஐப்பசிக்கு முன்பே நடந்தாக வேண்டும்.