சக்கரம் முட்டையானால்

சுரங்க வாயிலில் நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சியில் ஒரு சக்கரம். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டின் கம்பிவடம் அதன் மேல்தான் ஓடும். கோலார் தங்கவயலில் வளர்ந்த எந்தக் குழந்தையும் அதை வட்டமாகவே வரையும். ஆனால் பழைய கம்ப்யூட்டரில் தயாரித்த ஸ்லைடை அகலத்திரை லேப்டாப்பில் இழுத்து நிரப்பினால் சக்கரம் முட்டையாகிறது. கோபுரம் குள்ளமாகிறது. அருகே நிற்கும் மெலிந்த தொழிலாளி, வாழ்நாளில் கண்டிராத சதைப்பிடிப்போடு தோன்றுகிறார்.

காரணம் எளிய கணக்கு. பழைய திரையின் அகலமும் உயரமும் 4க்கு 3. இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் அது 16க்கு 9. உயரம் ஒன்றே என்றால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பழைய ஸ்லைடை அப்படியே காட்டினால் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் விழும். இரண்டும் சேர்ந்து திரையில் கால்வாசி. அதைப் பார்த்ததும் பலருக்குக் கை துறுதுறுக்கிறது. 1987இல் வந்த பவர்பாயிண்ட், 2013 பதிப்பில்தான் அகல வடிவத்தை இயல்பாக்கியது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஸ்லைடின் அளவை மாற்றினால் படங்களும் கூடவே இழுபட்டன.

விற்பனைக் கூட்டத்தில் இது வெறும் அழகுப் பிரச்சினை. பாலகாட்டில் அப்படியல்ல. தங்கவயலின் ஐந்து பெரிய சுரங்கங்களில் ஒன்று அது. 2001 பிப்ரவரி 28இல் தங்கவயலின் சுரங்கத் தொழில் முடிவுக்கு வந்தது. இனி யாரும் கீழே இறங்கிப் பார்த்துச் சரி சொல்லப் போவதில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் படமும் வரைபடமும்தான் சாட்சி.

வரைபடம் இழுபட்டால் சாட்சி பிறழ்கிறது. 45 டிகிரி சாய்ந்த தங்கப்படிவு 37 டிகிரியாகப் படுத்துவிடும். தங்கவயலின் மிக ஆழமான சுரங்கம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. இழுத்த படத்தில், நீளத்தோடு ஒப்பிட்டால் 3 கிலோமீட்டர் இரண்டேகாலாகத் தெரியும். உயிரைப் பணயம் வைத்து இறங்கிய ஆழத்தில் முக்கால் கிலோமீட்டர் காணாமல் போகிறது.

வெட்டுவதும் தீர்வல்ல. படத்தின் முழு அகலத்தால் திரையை நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். சக்கரம் தப்பினால் தொழிலாளியின் கால்கள் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் கோப்புக்கு ஒரு நகல். நகலில் 'டிசைன்' பகுதிக்குப் போய் ஸ்லைடு அளவை 16க்கு 9 ஆக்குங்கள். பிறகு ஒவ்வொரு படமாகப் பாருங்கள். இழுபட்டிருந்தால் அதை நீக்கி, மூலப்படத்தை மறுபடி சேருங்கள். பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து இழுங்கள், பக்கவாட்டைத் தொடாதீர்கள். எழுத்துகளைப் புதிய அகலத்துக்குப் பரப்பி அடுக்குங்கள். கூட்டம் நடக்கும் இடத்தின் புரொஜெக்டர் பழைய வடிவமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பழையது என்றால் பழைய கோப்பே போதும்.

மிஞ்சும் ஓர இடம்? முன்பு படத்தின் மேலேயே அச்சிட்ட விவரங்களை அங்கே மாற்றலாம். எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு, நிற்பவர் யார். பழைய சுரங்கப் படங்களில் பெரும்பாலும் விடுபட்டது அந்தப் பெயர்தான். கறுப்புப் பட்டை அதற்கு இடம் தருகிறது.

கடைசியாக ஒரு சோதனை. தொடங்குமுன், சக்கரம் உள்ள படத்தைத் திரையில் போட்டு அதன் அகலத்தையும் உயரத்தையும் அளவுகோலால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் பேசத் தொடங்கலாம்.