வீடும் உறுதியும்

லுணுகலைப் பகுதித் தோட்டங்களிலே லயத்தை விட்டுத் தனிவீடு காணும் ஆவல் ஓங்கி நிற்பது மகிழ்தற்குரியது. ஆயின், வாழ்நாளெல்லாம் உழைத்துச் சேர்ந்த சேமலாப நிதியை, "நம்மவர்தாமே" என்னும் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு தரகர் கையில் ஒப்படைக்கும் வழக்கத்தை நாம் கண்டிக்கின்றோம். உறவினரிடம் உறுதி கேட்டல் அவமதிப்பாம்! கேளாது மனையிழத்தல் மட்டும் மரியாதையோ?

பெருந்தோட்டக் காணிகள் 1972, 1975 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசின் வசமாயின. 1992 முதல் கம்பனிகள் நிருவகிப்பினும், அத்தகைய காணியில் ஒரு துண்டைத் துரையோ தலைவரோ எழுதி விற்றல் இயலாது.

தனியார் காணி வாங்குவோர்க்குப் பழையதொரு காப்பு உண்டு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்திலமைந்து, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கிருக்கக் கையொப்பம் பெறல் வேண்டும். முத்திரை ஒட்டிய வெறுந்தாள் உறுதியாகாது. அவ்வுறுதியையும் பதியாது பெட்டியிற் பூட்டிவைப்பவர் பலர். அதே காணியைப் பின்னர் விலைகொடுத்து வாங்கி, வஞ்சனையின்றி முந்திப் பதிந்தவனுடைய உறுதியே, 1927 ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி மேலோங்கும். பணம் கொடுக்குமுன் பதுளைக் காணிப் பதிவகத்து ஏடுகளைப் பார்வையிடுவித்தால், பதிவான முன்விற்பனையும் ஈடும் வெளிப்படும்.

மேசனுக்கும் அத்திவாரம், சுவர், கூரை என வேலை முடிய முடியவே பணம் கொடுத்தல் தகும்.

நம் பழைய மாணவருள் சட்டத்தரணிகளும் நில அளவையாளரும் உளர். மாதத்தில் ஒரு ஞாயிறு கல்லூரி மண்டபத்தில் அமர்ந்து, தோட்டத்து மக்கள் கொணரும் பத்திரங்களைக் கூலியின்றிப் படித்துப் பொருள் கூறுமாறு அவர்களை வேண்டுகின்றோம்.