பித்தளை பாடுவதில்லை, உதடு பாடுகிறது

நெய்வேலி நகரியத்தில் குடியரசு தின அணிவகுப்பில் டிரம்பெட் முழங்கினால், எல்லோர் கண்ணும் பளபளக்கும் பித்தளை மீதுதான். ஒலி பிறக்கும் இடமோ வாசிப்பவரின் உதடு.

இறுக மூடிய உதடுகளுக்கிடையே காற்றைச் செலுத்தினால் அவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரும். அந்த அதிர்வலை குழாயின் வாய் வரை போய், அங்கிருந்து ஒரு பகுதி திரும்பி வந்து, உதட்டையே தன் போக்குக்கு ஆட்டிவைக்கிறது. அதனால் ஒரு குழாயில் எல்லாச் சுரமும் வராது. அதன் நீளம் அனுமதிக்கும் சில மட்டுமே வரும். உதட்டை இறுக்கினால் அடுத்த சுரத்துக்குத் தாவலாம். கோயில் கொம்பும் சங்கும் இந்தக் கணக்கில்தான் ஒலிக்கின்றன.

டிரம்பெட்டில் இந்தச் சுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை நிரப்பியது வால்வு. 1818-இல் பிரஷ்யாவில் ஷ்டோல்செல், ப்ளூமெல் இருவரும் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். டிரம்பெட்டின் குழாய் சுமார் ஒன்றரை மீட்டர். நடு வால்வை அழுத்தினால் குழாய் சற்றே நீண்டு சுரம் அரைப்படி இறங்கும். முதலாவது ஒரு படி, மூன்றாவது ஒன்றரை.

பித்தளையாலான எல்லாமே உதட்டால் ஒலிப்பதில்லை. கர்நாடக இசைக் கலைஞர் கத்ரி கோபால்நாத்தின் சாக்சபோனும் பித்தளைதான். ஆனால் அதில் அதிர்வது நாணல் சீவல். ஆகவே அது நாகசுரத்துக்குத்தான் உறவு.

குழாயின் நீளத்துக்கேற்ற சுரம் மட்டும் எழும் இந்த ஒத்ததிர்வை, பிளஸ் 1 இயற்பியலில் இசைக்கவையும் தண்ணீர்க் குழாயும் வைத்து நடத்துகிறார்கள். மதிப்பெண் வரும், ஆர்வம் வராது. நெய்வேலிப் பள்ளிகளாவது ஆய்வக மேசையில் ஒரு சங்கையும் ஒரு டிரம்பெட்டையும் வைத்து, மாணவர்களை ஊதிப் பார்க்க விடட்டும்.