மார்க்கு புள்ளையோடதா, ஸ்கூலோடதா?

மக்களே, இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதான் இந்தப் பதிவு. பள்ளிக்கூடத்துல ஏஐ வந்தா வாத்தியார் வேலை போயிடும்னு ஆளாளுக்குப் புலம்புறாங்க. என் கவலை வேற.

2020-ல இங்கிலாந்துல நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? கொரோனாவால ஏ லெவல் (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) பரீட்சை ரத்து. ஆஃப்குவால்ங்கிற தேர்வு அமைப்பு ஒரு அல்காரிதம் வெச்சு கிரேடு போட்டுச்சு. வாத்தியார் பசங்களை வரிசைப்படுத்தித் தரணும். அந்த வரிசைக்கு என்ன கிரேடுங்கிறதைப் பெரும்பாலும் ஸ்கூலோட முந்தின மூணு வருஷ ரிசல்ட் முடிவு பண்ணும். வாத்தியார் கணிச்சதைவிட கிட்டத்தட்ட 40 சதவீத கிரேடுகள் குறைஞ்சுது. ரொம்பச் சின்ன வகுப்புகளுக்கு மட்டும் வாத்தியார் சொன்னதே செல்லும். சின்ன வகுப்பு எங்க அதிகம்? காசு கட்டிப் படிக்கிற ஸ்கூல்லதான். பசங்க தெருவுல இறங்கிட்டாங்க. ஆகஸ்ட் 13 வந்த ரிசல்ட், 17-ம் தேதி வாபஸ்.

எங்க ஊர் ஆலங்காயம். (காவலூர் டெலஸ்கோப் பக்கத்துலன்னு சொன்னாத்தான் பாதிப் பேருக்குப் புரியுது, அவ்வ்வ்.) மேலே ஜவ்வாது மலையில உண்டு உறைவிடப் பள்ளிகள்ல, வீட்டுலேயே முதல் ஆளா ப்ளஸ் டூ தொடுற புள்ளைங்க இருக்காங்க. அந்த ஃபார்முலாவை இங்க ஓட்டிப் பாருங்க. போன மூணு வருஷம் யாரும் 600-க்கு 550 வாங்கலேன்னா, இந்த வருஷமும் வாங்கறது குதிரைக் கொம்பு. பிசிக்ஸுக்கு வாத்தியாரே இல்லாத வருஷத்தோட பாவத்தை அடுத்த செட் சுமக்கணும்.

2021-ல நம்ம ஊர்லயும் ப்ளஸ் டூ ரத்தாச்சு. பத்தாவதுல அதிகம் வாங்கின மூணு பாடத்தோட சராசரிக்கு 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னுக்கு 20, ப்ளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30. பத்தாவதுல கோட்டை விட்டு அப்புறம் எழுந்தவனுக்கு இதுல அடிதான், மறுக்கல. ஆனா எல்லாமே அந்தப் புள்ளை வாங்கின மார்க்கு. ஸ்கூலோட பழைய ரிசல்ட் கணக்குல வரல. இந்த விஷயத்துல நம்மாளுங்களுக்கு ஒரு சல்யூட்.

ஆஃப்குவால் பண்ணது நிஜமா ஏஐ கூட இல்ல, வெறும் புள்ளியியல். அதனாலதான் பிரிச்சுப் பார்த்து சண்டை போட முடிஞ்சுது. இப்ப வர்ற மாடல் பழைய டேட்டாவுலேர்ந்து தானா கத்துக்குது. ஸ்கூல் பேரைத் தூக்கினாலும் பின்கோடை வெச்சு அதே இடத்துக்கு வந்து நிக்கும். கோட் எழுதுற மக்களுக்கு இது தெரியும்.

தமிழ்நாடு அரசு 2020-லயே பாதுகாப்பான, நெறிசார்ந்த ஏஐ கொள்கைன்னு ஒண்ணு வெளியிட்டுச்சு. ஒரு ஏஐ சிஸ்டத்தை மக்கள்கிட்ட விடறதுக்கு முன்னாடி நியாயமா நடக்குதான்னு மதிப்பெண் போட்டுப் பார்க்க அதுல வழி இருக்கு. ஸ்கூலுக்குள்ள வர்ற ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் அந்த மதிப்பெண்ணை வெளியில ஒட்டட்டும். எந்தெந்த விவரத்தை வெச்சு முடிவு பண்ணுதுன்னும் சொல்லட்டும். ப்ளஸ் டூவுக்கு விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு கேட்கிறோம்ல, அதே மாதிரி மெஷின் போட்ட மார்க்கை ஒரு வாத்தியார் திருப்பிப் பார்க்கணும்னு கேட்க, மலையில இருக்கிற புள்ளைக்கும் ஒரு ஃபாரம் வேணும். தமிழ்லயே.