கடலும் ஓர் அமானிதம்



விடுமுறையில் மதுரையிலிருந்து ஏர்வாடி தர்காவுக்குச் செல்லும் குடும்பங்கள் பல. அருகிலுள்ள பிச்சை மூப்பன் வலசையில், வனத்துறை ஏற்பாட்டில் படகேறிக் கடல் காண்போர் சிலரே. மரக்காயர்கள் பாய்விரித்துக் கடல்கடந்து வாணிகம் செய்த கீழக்கரையும் அண்மையில்தான் உள்ளது. வைகை மணலையே கண்டு வளரும் நம் பிள்ளைகளுக்கு இப்பயணம் அவசியம்.

ஆனால், ஒன்றை அறிந்து செல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் மனிதர் வெட்டியெடுத்தது இதற்கு முக்கியக் காரணம். 1986-இல் இத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இன்று அனுமதியின்றித் தீவுகளில் இறங்கலாகாது.

சென்ற ஆண்டு கரையில் ஒதுங்கிய பவளத்துண்டு ஒன்றை என் மகன் பைக்குள் வைத்தான். "கீழே கிடந்ததுதானே, அத்தா!" என்றான். பவளம் சட்டத்தால் காக்கப்படுவது என்றேன். மூழ்கிய தீவுகளின் வரலாற்றையும் சொன்னேன். சற்று நேரம் கடலையே பார்த்திருந்தவன், எடுத்த இடத்திலேயே அதை வைத்துவிட்டான்.

பிறர் பொருளை அமானிதமாகப் பெற்றவர், அதைக் குறைவின்றித் திருப்பித் தர வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். கடலுக்கும் அதுவே நீதி. கண்குளிரக் கண்டு வாருங்கள். கை வெறுமையாகவே திரும்பட்டும்.