முன்னோட்டப் பரிசோதனை: யாருடைய உழைப்பு? யாருடைய பொறுப்பு?

பணிசெயல் முறைமை என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையே நின்று, கோப்புகளைக் காப்பது முதல் அச்சுப்பொறியை இயக்குவது வரையிலான கருமங்கள் யாவற்றையும் நடத்திவைக்கும் அடிப்படை மென்பொருளாகும். பிறிதொரு மென்பொருள் பழுதுபட்டால் ஒரு வேலை கெடும்; இது பழுதுபட்டால் எல்லா வேலையும் கெடும். இத்தகைய முறைமையொன்று முற்றுப்பெறுவதற்கு முன்னரே, குறைபாடுகள் உள்ளன என்ற எச்சரிக்கையுடன் பொதுமக்களிடம் கையளிக்கப்பட்டு, அவர்கள் காணும் குறைகள் திரட்டப்படும் முறை இன்று பெருவழக்காகிவிட்டது. முன்னோட்ட வெளியீடு என வழங்கும் இம்முறையினைப் போற்றுவோர், மென்பொருள் உற்பத்தியில் பயன்படுத்துவோருக்குக் கிடைத்த பங்கு என்றும், தொழில்நுட்பத்துள் ஜனநாயகம் புகுந்தமைக்குச் சான்று என்றும் இதனை வருணிப்பர். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயப்பட வேண்டியதாகும். பங்கு என்பது இரு கூறுகளைக் கொண்டது: ஒன்று உழைப்பில் பங்கு; மற்றையது முடிவில் பங்கு. முதலாவது தாராளமாக வழங்கப்பட்டுள்ளது. இரண்டாவது பெயரளவிலேயே வழங்கப்பட்டுள்ளது என்பதே உண்மை.

இம்முறையின் வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும். 1995இல் 'விண்டோஸ் 95' வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அதன் முன்னோட்டப் பதிப்பை மைக்ரோசொப்ட் நிறுவனம் 19.95 அமெரிக்க டொலருக்கு விற்றது. 2000 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் தனது புதிய பணிசெயல் முறைமையின் பொது முன்னோட்டப் பதிப்பை 29.95 டொலருக்கு விற்றது. இரண்டும் குறித்த காலத்தின் பின் தாமாகவே செயலிழக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. குறைபாடு மலிந்த பொருளொன்றைப் பணங்கொடுத்து வாங்கி, அதன் குறைகளைக் கண்டறிந்து, கண்டவற்றை விற்றவருக்கே இலவசமாக எழுதியனுப்பும் வாடிக்கையாளரை வேறெந்தக் கைத்தொழிலிலும் காண்டல் அரிது. பின்னர் முழுமையான பதிப்பை வாங்கியோருக்கு அப்பிள் நிறுவனம் அத்தொகையை விலையிற் கழித்துக்கொடுத்தது என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடவேண்டும். ஆயினும், பரிசோதகரை உழைப்பாளராகவன்றி ஆர்வலராகவே கருதும் மனப்பாங்கு அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

அன்று இத்தகைய பொதுப் பரிசோதனை நிறுவனத்தின் உள்ளகப் பரிசோதனைக்குத் துணையாக நின்றது. 2014ஆம் ஆண்டளவில் இவ்வுறவு மாறத் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலையில் மைக்ரோசொப்ட் நிறுவனம் 18,000 பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவற்றுட் பெரும்பகுதி நொக்கியாவிடமிருந்து வாங்கிய தொலைபேசிப் பிரிவைச் சார்ந்ததே. எனினும், பரிசோதனையையே தொழிலாகக் கொண்ட பொறியியலாளர் என்னும் தனிப்பிரிவு அதே காலப்பகுதியிற் சுருங்கி, நிரலை எழுதுவோரே அதனைப் பரிசோதிக்கும் முறை மேலோங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் முதலாந் திகதி 'விண்டோஸ் இன்சைடர்' என்னும் திட்டம் தொடக்கப்பெற்று, விண்டோஸ் 10இன் முன்னோட்டப் பதிப்பு விரும்பியோர் யாவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. அவ்வாறு வழங்கப்பட்ட பதிப்பு, பயன்படுத்துவோர் தட்டச்சிடும் எழுத்துகளையும் சேகரிக்கக்கூடும் என அதன் நிபந்தனைகளிலேயே கூறப்பட்டிருந்தது. ஒருபுறம் ஊதியம் பெற்ற பரிசோதகர் குறைந்தனர். மறுபுறம் ஊதியம் பெறாத பரிசோதகர் இலட்சக்கணக்கிற் பெருகினர். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலானது என்று கொள்வோர் கொள்ளட்டும். விளைவு எவ்வாறாயினும் ஒன்றுதான்.

அவ்விளைவு யாது என்பதை 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் நிகழ்ந்தவை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. அம்மாதம் 2ஆந் திகதி விண்டோஸ் 10இன் 1809ஆம் இலக்கப் பதிப்பு வெளியிடப்பட்டது. அதனை நிறுவியோருட் சிலர் தமது ஆவணங்களும் புகைப்படங்களும் மறைந்துவிட்டதைக் கண்டனர். சில நாட்களுள் வெளியீடு இடைநிறுத்தப்பட்டது. திருத்திய பதிப்பு மீண்டும் வெளிவர நவம்பர் 13 வரை செல்லவேண்டியிருந்தது.

வழுவின் தன்மை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஆவணங்கள், படங்கள் முதலியவற்றுக்கெனப் பணிசெயல் முறைமை வகுத்துள்ள கோப்புறைகளை வேறோர் இடத்துக்கு மாற்றி அமைத்துக்கொள்ள விண்டோஸ் இடமளிக்கின்றது. அவ்வாறு மாற்றிய சிலரிடம், முந்திய பதிப்பின் பின்னர், பழைய இடத்தில் வெறுமையான கோப்புறைகள் தோன்றின. அது குறித்து முறைப்பாடுகள் எழுந்தன. அவற்றைச் செவிமடுத்த நிறுவனம், தேவையற்ற அக்கோப்புறைகளை நீக்குவதற்கென நிரற்பகுதியொன்றைச் சேர்த்தது. ஆனால் எல்லோருடைய பழைய கோப்புறையும் வெறுமையாக இருக்கவில்லை. இடத்தை மாற்றும்போது கோப்புகளை உடன் நகர்த்தாதோரின் பழைய கோப்புறையில் அவர்களது கோப்புகள் அப்படியே கிடந்தன. புதிய நிரல் அதனையும் உள்ளடக்கத்துடன் அழித்துவிட்டது. நீக்குவதற்கு முன் உள்ளே ஏதேனும் உண்டா எனப் பார்த்தல் வேண்டும் என்பது முதலாம் ஆண்டு மாணவனும் அறிந்த விதியாகும்.

இதனினும் கவலைக்குரியது வேறொன்று. இவ்வழு முன்னோட்டப் பரிசோதகரின் கண்ணுக்குத் தப்பியதன்று. கோப்புகள் அழிகின்றன என்ற முறைப்பாடு, வெளியீட்டுக்குப் பல வாரங்கள் முன்னரே 'பின்னூட்ட மையம்' எனப்படும் முறைப்பாட்டு ஏட்டில் ஒன்றுக்கு மேற்பட்டோராற் பதியப்பட்டிருந்தது. அது ஏன் எட்டவேண்டியவரை எட்டவில்லை? அம்மையத்தில் முறைப்பாடுகளின் முதன்மையைக் காட்டும் முக்கிய அடையாளம், ஏனைய பயனர் அளிக்கும் ஆதரவு வாக்குகளின் எண்ணிக்கையாகும். புதிய வண்ணங்களை வேண்டியும் பொத்தான்களின் இடத்தை மாற்றக் கோரியும் எழுந்த விண்ணப்பங்களுக்கு வாக்குகள் குவியும். ஒரு சிலருக்கு மட்டும் நேர்ந்த பேரிழப்புக்கு அவ்விழப்பை அடைந்தோரே வாக்களிப்பர். எனவே, பலருக்கு நேர்ந்த சிறு தொல்லை ஏட்டின் தலைப்பிலும், சிலருக்கு நேர்ந்த பேரழிவு அதன் அடியிலும் இடம்பெற்றன. பரிசோதகர் தம் கடமையைச் செய்தனர். கேட்கவேண்டிய காது அங்கிருக்கவில்லை.

அம்மாதம் நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தில், இவ்விழப்பு குறித்து வந்த முறைப்பாடுகள் நிறுவல்களின் நூற்றிலொரு வீதத்தில் நூறிலொரு பங்கே, அதாவது பத்தாயிரத்தில் ஒன்றே, எனக் கூறப்பட்டது. இவ்வாதம் இழப்பை அளக்கும் கோலே தவறானது என்பதை உணரவில்லை. கோப்பு அழிதல் சராசரி காணத்தக்க பொருளன்று. ஒருவரது ஆய்வேடோ இறந்த பெற்றோரின் புகைப்படமோ அழிந்துவிட்டால், எஞ்சிய 9,999 பேருடையவை பத்திரமாக உள்ளன என்பது அவருக்கு ஆறுதலாகாது. மேலும், வழக்கமாக இறுதிச் சல்லடையாக நின்ற வெளியீட்டு முன்னோட்ட வட்டத்தை அப்பதிப்பு கடந்துவராமலே பொதுமக்களை அடைந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. சல்லடையை அகற்றிவிட்டுக் கல் சிறியது என வாதிடுதல் பொறுப்புடையோர் செய்கையன்று. சம்பவத்தின் பின்னர், முறைப்பாட்டின் பாதிப்பையும் கடுமையையும் பதிவோரே குறிப்பிடுவதற்கு மையத்தில் வசதி செய்யப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும், கடுமை என்னும் அளவுகோல் நான்கு ஆண்டுகளாக அங்கு இல்லாதிருந்தது என்பதற்கு இதுவே ஒப்புதல் வாக்குமூலமுமாகும்.

முன்னோட்ட முறையை ஆதரிப்போர் பொதுவாக மூன்று நியாயங்களை முன்வைப்பர். முதலாவது, உலகிலுள்ள கணினிகளின் வன்பொருள் வேறுபாடு அளவிறந்தது. எந்தவோர் ஆய்வுகூடமும் அவற்றைத் தன்னுள் அடக்கிவிட முடியாது என்பதாகும். இது மறுக்கமுடியாத உண்மை. ஆனால் 1809ஆம் பதிப்பின் வழு அரியதோர் வன்பொருளினால் விளைந்ததன்று. மேசைமீதுள்ள ஒரே கணினியில், கோப்புறையின் இடத்தை மாற்றிப் பார்த்தே கண்டறியத்தக்கது. பரப்பைக் கூட்டம் தரும். ஆழத்தைப் பயிற்சிபெற்றவரே தருவர். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

இரண்டாவது நியாயம், பெருந்தொகையினர் பங்குபற்றுவதால் பரிசோதகர் கூட்டம் பயனர் சமுதாயத்தின் உண்மையான பிரதிபிம்பமாகிவிடுகின்றது என்பதாகும். இது புள்ளிவிபரவியலின் அடிப்படையையே மறந்த கூற்று. தாமாக முன்வருவோர் எவ்வளவு பெருந்தொகையினராயினும் மாதிரி ஆகார். நேரமும் விரைவான இணைய வசதியும், பழுதுபட்டால் மாற்றிக்கொள்ள இன்னொரு கணினியும் உடையோரே பெரும்பாலும் இதில் இறங்குவர். ஒரே கணினியைக் குடும்பமே பகிரும் வீட்டிலிருந்து எவரும் அதனைச் சோதனைக்கு ஒப்படையார். மொழியும் அவ்வாறே. 2018 பெப்ரவரியில், தெலுங்கு எழுத்துக்கூட்டொன்றைத் திரையிற் காட்ட முற்பட்டதும் அப்பிள் தொலைபேசிகளின் செயலிகள் நிலைகுலைந்தன. 11.2.6ஆம் பதிப்பே அதனைத் திருத்தியது. அந்நிறுவனத்தின் பொது முன்னோட்டத் திட்டம் 2015 முதலே நடைபெற்றுவந்தது. கோடிக்கணக்கானோர் நாடோறும் எழுதும் மொழியொன்றின் எழுத்து, மூன்றாண்டுக் காலப் பொதுப் பரிசோதனையின் கண்ணிற்பட்டுத் தடுக்கப்படவில்லை. தமிழ் உள்ளிட்ட கூட்டெழுத்து மொழிகளைக் கணினியிற் பயன்படுத்துவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். வாக்கெண்ணிக்கையே முதன்மையைத் தீர்மானிக்கும் ஏட்டில் சிறுபான்மை மொழியின் முறைப்பாடு எவ்விடத்தைப் பெறும்?

மூன்றாவது நியாயம், எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை, எச்சரிக்கை வழங்கப்பட்டுள்ளது, விரும்பியோர் இணைந்தனர் என்பதாகும். பரிசோதகரைப் பொறுத்தவரை இது ஓரளவு ஏற்கத்தக்கது. ஆனால் 2018 ஒக்டோபரிற் கோப்புகளை இழந்தோர் பரிசோதகர் அல்லர். முழுமைபெற்றது என அறிவிக்கப்பட்ட பதிப்பை நிறுவிய சாதாரண பயனர். அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. பரிசோதனை செவ்வனே நடைபெற்றது என்ற நம்பிக்கையிலேயே அவர்கள் தம் கணினியை ஒப்படைத்தனர்.

இவ்விமரிசனம் பொதுமக்களின் பரிசோதனையையே நிராகரிப்பதன்று. வேறு வகையில் அதனை ஒழுங்கமைக்க முடியும் என்பதற்கு 1993இல் தொடங்கப்பட்ட 'டெபியன்' திட்டம் சான்றாகும். லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட அப்பணிசெயல் முறைமை தன்னார்வலராலேயே ஆக்கப்படுகின்றது. அங்கு ஒரு மென்பொருட் பொதி முதலில் 'நிலையற்ற' கிளையில் இடம்பெறும். குறித்த நாட்கள் கழிந்து, புதிய கடும் வழு எதுவும் பதியப்படாதிருப்பின் 'பரிசோதனை'க் கிளைக்குச் செல்லும். அதன் பின்னரே 'நிலையான' வெளியீட்டில் இடம்பெறும். வழுவின் முதன்மை அதன் விளைவினாற் கணிக்கப்படுகின்றது. தரவிழப்பை ஏற்படுத்தும் வழு மிகக் கடுமையான படித்தரங்களுள் வைக்கப்படும். அதனைக் கண்டவர் ஒருவரேயாயினும், அம்முறைப்பாடு பொதியின் பயணத்தையே நிறுத்திவைக்க வல்லது. பதிவேடும் எவரும் வாசிக்கும்படி திறந்திருக்கின்றது. இதனால் டெபியன் வழுவற்றது என்பது பொருளன்று. 2006இற் புகுந்து 2008 மே மாதத்தில் வெளிப்பட்ட மறைக்குறியீட்டு வழு, எளிதில் ஊகிக்கத்தக்க சாவிகளைப் பிறப்பித்துப் பெருங்கேடு விளைவித்தது. ஆயினும், அந்நிரல் வரியை யார், ஏன் நீக்கினார், முன்னர் எவரிடம் ஆலோசித்தார் என்பன யாவும் பகிரங்கப் பதிவுகளிற் கிடந்தன. தவறு எங்கும் நிகழும். அதனைத் தேடிச்சென்று கற்கும் உரிமை எல்லோருக்கும் உண்டா என்பதே வேறுபாடு.

ஆகவே, முன்னோட்டப் பதிப்புகளை ஏற்றுப் பரிசோதிப்போர் தமது உழைப்புக்கு ஈடாகச் சிலவற்றைக் கோரும் உரிமை உடையோர். முறைப்பாட்டின் முதன்மை வாக்குகளாலன்றிப் பாதிப்பின் கடுமையாற் கணிக்கப்படல் வேண்டும். தரவிழப்பு பற்றிய முறைப்பாடு ஒன்றேயாயினும், பயிற்சிபெற்ற ஒருவர் அதனை வாசித்து, மீள நிகழ்த்திப் பார்த்து, பதிலளிக்கும்வரை வெளியீடு நிறுத்தப்படல் வேண்டும். எது திருத்தப்பட்டது, எது திருத்தப்படாமலே வெளியிடப்பட்டது என்பது பகிரங்கமாக அறிவிக்கப்படல் வேண்டும். இவை ஆடம்பரக் கோரிக்கைகள் அல்ல. கட்டணமின்றி உழைப்பவன் தன் உழைப்பு வீணாகாதிருக்கக் கேட்கும் மிகக் குறைந்த பிரதியுபகாரமே.

பரிசோதகர்க்கும் ஒரு கடமை உண்டு. புதியதை முதலிற் கண்டோம் என்ற பெருமிதத்துக்காக முன்னோட்டப் பதிப்பை நிறுவி, வண்ணத்தையும் வடிவத்தையும் பற்றி எழுதி அமைவது பரிசோதனையாகாது. தனக்கு நேராத, ஆனால் பிறனொருவனுக்கு நேர்ந்த இழப்பைப் பற்றிய முறைப்பாட்டைத் தேடி வாசித்து, தன் கணினியில் அதனை மீள நிகழ்த்திப் பார்ப்பவனே பரிசோதகன். 2018இல் அச்சிலரின் குரலுக்குப் பின்னால் அவ்வாறு மேலும் சிலர் நின்றிருப்பின், வாக்குகளை எண்ணும் இயந்திரமும் ஒருவேளை திரும்பிப் பார்த்திருக்கும். ஆனால் அப்பொறுப்பின் பெரும்பகுதி, பொருளை ஆக்கி அதனாற் பயன்பெறுவோரையே சாரும். அதனைக் கூட்டத்தின் தலையில் ஏற்றிவிட்டு, அக்கூட்டம் உரைத்ததையும் கேளாது விடுவதற்கு ஜனநாயகம் என்று பெயரிடுவது அச்சொல்லுக்கே இழைக்கும் அநீதியாகும்.