கூரையில் விட்டதை டன்னில் பிடிக்க முடியாது

சென்னையில் புதிதாக எழும்பும் எந்த வணிக வளாகத்திலும் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்தே தீரும். கட்டட வடிவமைப்பாளர் மேல்தளத்துக்கு வெப்பக்காப்பு குறித்திருப்பார். செலவுப் பட்டியலைக் கையில் வாங்கும் உரிமையாளரின் பேனா முதலில் அந்த வரியைத்தான் அடிக்கும். "இன்சுலேஷன் எல்லாம் பனி பெய்யுற ஊருக்கு சார். நமக்கு எதுக்கு? வேணும்னா ரெண்டு டன் கூடப் போட்டுக்கலாம்." கான்ட்ராக்டர் தலையாட்டுவார். ஏசி விற்பவருக்கு மறுத்துப் பேச வேண்டிய அவசியம் இல்லை. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு அந்தக் கட்டடத்தின் மின்கட்டணம் எவ்வளவு என்பது அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும்.

இன்சுலேஷன் குளிர்நாட்டுச் சங்கதி என்ற இந்த நம்பிக்கை, திருவொற்றியூர் முதல் தூத்துக்குடி வரை படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லாமல் பரவிக் கிடக்கிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைகீழாக நிற்கிறது.

வெப்பத்துக்குக் குளிர்நாடு, சூடான நாடு என்ற பேதம் தெரியாது. சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் பாயும்; வித்தியாசம் கூடக்கூட வேகம் கூடும். லண்டனில் குளிர்காலத்தில் வெளியே 4 டிகிரி, அறைக்குள் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 16 டிகிரி. சென்னையில் மே மாத நடுப்பகலில் மொட்டை மாடித் தளம் வெயிலை உறிஞ்சி 60 டிகிரியைத் தொடும். கீழே கடைக்குள் ஏசி 24 டிகிரியில் ஓடுகிறது. வித்தியாசம் 36 டிகிரி. லண்டன் வீட்டுச் சுவரைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான நெருக்கடி நம் கூரையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டுக்குக் கம்பளி போர்த்துவது நியாயம் என்றால், இந்தக் கூரையை வெறுமனே விடுவதற்கு என்ன நியாயம்?

ஒரு கணக்கை முழுதாகவே போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் சதுர அடி மேல்தளம் கொண்ட ஒரு ஜவுளிக்கடை. ஏறத்தாழ 930 சதுர மீட்டர். ஆறு அங்குல கான்கிரீட் தளம், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி, மேலே தட்டோடு. நம் ஊர் வழக்கப்படி சுத்தமாகச் செய்த வேலை. இப்படிப்பட்ட கூரையில், இரு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் வழியாகச் சுமார் 2.3 வாட் வெப்பம் இறங்கும். 36 டிகிரி வித்தியாசத்துக்கு மொத்தக் கூரையிலிருந்தும் 77 கிலோவாட். ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆக, கூரை வழியாக வரும் வெயிலைத் திருப்பி அனுப்ப மட்டுமே 22 டன் வேண்டும். அதே தளத்தின் மேல் இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், நல்ல நுரைப் பலகையைப் பதித்தால் 2.3 என்பது 0.5-க்கும் கீழே வந்துவிடும். 22 டன் நாலரை டன்னாகச் சுருங்கும். கான்கிரீட் வெப்பத்தை உள்வாங்கித் தாமதமாக விடுவதால் உச்சவேளை அளவு கொஞ்சம் தணிந்து மாலைக்குத் தள்ளிப்போகும் என்பது உண்மைதான். ஆனால் தள்ளிப்போன வெப்பம், கடையில் கூட்டம் நெரிகிற ஆறு மணிக்கு வந்து இறங்குகிறது.

"ரெண்டு டன் கூட" என்பவர் உண்மையில் பதினேழு, பதினெட்டு டன்னை வாங்கி, அதை ஆண்டு முழுவதும் ஓட்டுவதாகக் கையெழுத்துப் போடுகிறார்.

இன்னொன்றையும் அவர் கவனிப்பதில்லை. அதே கட்டடத்தின் ஃபால்ஸ் சீலிங்கை ஒரு பலகை நகர்த்திப் பார்த்தால், சில்லரிலிருந்து 7 டிகிரி தண்ணீர் ஓடிவரும் குழாய்கள் கறுப்பு ரப்பர் நுரை உறை போர்த்தியிருக்கும். ஸ்பிளிட் ஏசியின் செம்புக் குழாய்க்கும் அதே கறுப்பு உறை. எங்காவது அது ஒரு விரற்கடை கிழிந்திருந்தால் போதும், குழாய் வேர்த்துச் சொட்டுச் சொட்டாக இறங்கி, சீலிங்கில் பழுப்பு வட்டம் விழுந்துவிடும். அன்றைக்கே மெக்கானிக்குக்குப் போன் போகும். காசிமேட்டில் மீன் ஏற்றுகிறவர் ஐஸைத் தெர்மோகோல் பெட்டியில்தான் போடுவார். தகரப் பெட்டியில் போட்டுவிட்டுக் கூடுதலாக ஐஸ் வாங்க மாட்டார். குளிர்ந்த குழாய்க்கு உறை வேண்டும், குளிர்ந்த மீனுக்குப் பெட்டி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிற ஊர், குளிர்ந்த கட்டடத்துக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம் என்கிறது.

"அந்தக் காலத்துக் கட்டடங்கள் இன்சுலேஷன் இல்லாமலே குளுகுளுவென்று இல்லையா?" என்பது அடுத்த வாதம். இருந்தன. ஜார்ஜ் டவுனின் பழைய கடைகளில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, பதினான்கு அடி உயரம், சுற்றிலும் தாழ்வாரம், கடற்காற்று நுழைந்து வெளியேற எதிரெதிர் ஜன்னல்கள் என எல்லாமே காற்று ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. யாரும் அவற்றை மூடி 22 டிகிரிக்குக் குளிர்விக்கவில்லை. இன்றைய வணிகக் கட்டடமோ ஒன்பது அடி சீலிங் போட்டு, ஜன்னலை அடைத்து, இயந்திரத்தை நம்பி நிற்கிறது. பழைய கட்டடத்தின் பெருமையைச் சொல்லி இதற்குச் சான்றிதழ் வாங்க முடியாது.

தடித்த சுவர் போதும் என்பதும் பாலைவன ஊர்களுக்குப் பொருந்துகிற பேச்சு. ஜெய்சல்மேரில் பகலில் சுவர் வாங்கிய சூட்டை இரவின் குளிர்ச்சி வாங்கிக்கொண்டு போய்விடும். சென்னையில் கத்திரி வெயில் நாட்களில் இரவுகூட 28 டிகிரியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. காற்றிலுள்ள ஈரம் பூமியின் சூட்டை வானத்துக்குப் போகவிடாமல் தடுக்கிறது. விடியும்போதும் சுவரில் பழைய சூடு பாக்கி இருக்க, அதன்மேல் புதிய வெயில் ஏறும். வெள்ளைப் பூச்சு அடித்தால் போதும் என்பவர்கள் பாதி சரி. வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும் நல்ல வேலை அது. ஆனால் இரண்டு மழைக்காலம் போனால் பாசியும் தூசியும் படிந்து வெள்ளை மங்கிவிடும். மேலே பூச்சு, அடியில் காப்பு, இரண்டும் சேர்ந்தால்தான் அது கூரை.

இனி, கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டிய வாதம். "இங்கே பிரச்சினை சூடு இல்லை, புழுக்கம். புழுக்கத்துக்கு இன்சுலேஷன் என்ன செய்யும்? போட்டால் உள்ளே பூசணம்தான் பிடிக்கும்." இதைச் சொல்பவர்களில் பலர் பூசணத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். அவர்கள் பார்த்தது உண்மை. அதற்குக் கண்டுபிடித்த காரணம்தான் பிழை.

சென்னையின் கோடைக் காற்றை 25, 26 டிகிரிக்குக் குளிர்வித்தாலே நீர் துளிர்க்கத் தொடங்கிவிடும். அவ்வளவு ஈரம் அதில் உண்டு. ஒரு கன மீட்டர் வெளிக்காற்று குளிரூட்டிய கூடத்துக்குள் நுழைந்தால், ஏசி அதிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 12 கிராம். அந்தப் பத்தாயிரம் சதுர அடிக் கடைக்குள், கதவிடுக்கு, சீலிங் மேலுள்ள ஓட்டைகள், குழாய் நுழையும் துளைகள் வழியாக மணிக்கு ஒருமுறை காற்று முழுதாக மாறினால் ஒரு மணி நேரத்தில் முப்பது லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் உள்ளே வருகிறது. மூன்று குடம் என்று வைத்துக்கொள்ளலாம். இதை இன்சுலேஷன் தடுக்காது. இடுக்குகளை அடைப்பதுதான் தடுக்கும். இரண்டும் ஒரே வேலையின் இரு கைகள்.

பூசணம் எங்கே பிடிக்கிறது? குளிர்ந்த பரப்பை ஈரக்காற்று தொடும் இடத்தில். குளிர்நாட்டில் ஈரம் அறைக்குள்ளிருந்து சுவருக்குள் போகும். அதனால் ஈரத்தைத் தடுக்கும் தாளை அங்கே உட்புறம் ஒட்டுவார்கள். நம் கரையில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. தடுப்பு வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். குளிர்நாட்டு வரைபடத்தை அப்படியே நகலெடுத்து, உட்சுவரில் வினைல் தாள் ஒட்டினால், வெளியிலிருந்து வந்த ஈரம் அந்தத் தாளின் பின்புறத்தில் சிக்கிக்கொள்ளும். அது ஏசியால் குளிர்ந்த இடம். தாளைக் கொஞ்சம் உரித்தால் கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் புள்ளிகள் தெரியும். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் போல்க் கவுண்டி, மார்ட்டின் கவுண்டி நீதிமன்றக் கட்டடங்கள் 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்டவை. 1990களின் தொடக்கத்தில் பூசணத்தால் இரண்டிலிருந்தும் ஊழியர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஈரக்காற்றைச் சுவருக்குள் விட்டுவிட்டு உள்ளே கடுமையாகக் குளிர்வித்ததன் விலை அது.

உண்மையில், காப்பு இல்லாத கட்டடம்தான் அதிகம் வேர்க்கிறது. மழைக்காலக் காலையில் தி.நகரில், அளவுக்கு மீறிக் குளிர்வித்த நகைக்கடைகளின் கண்ணாடிக் கதவு வெளிப்புறத்தில் பனிபூத்து நிற்பதை யாரும் பார்க்கலாம். கண்ணில் படாத இடத்திலும், குளிரூட்டிய கூடத்துக்கும் மூடிய படிக்கட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில், அதே ஈரம் பூச்சுக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்ற வாய்க்கணக்கில் ஏசியை வாங்கி மாட்டிவிட்டுப் பிறகு கூரைக்குக் காப்பு போட்டால், இயந்திரம் தேவைக்கு மிஞ்சியதாகிவிடும். சட்டென்று குளிர்வித்துச் சட்டென்று நிற்கும். ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. அறை ஜில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். ஊழியர் ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்குவார். இதைக் காட்டித்தான் "இன்சுலேஷன் வேலைக்கு ஆகாது" என்கிறார்கள். வரிசையை மாற்றிச் செய்ததன் குற்றம் அது. முதலில் கூரை, சுவர், கண்ணாடி, பிறகு இடுக்குகள், கடைசியில்தான் டன் கணக்கு.

பத்து மாடிக் கட்டடத்தில் கூரை மேல்மாடிக்கு மட்டும்தானே என்று கேட்டால், சரியான கேள்வி. அங்கே எதிரி கண்ணாடி. மாலை நான்கு மணிக்கு மேற்குப் பார்த்த சாதாரண ஒற்றைக் கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு அரை கிலோவாட் வெயிலை உள்ளே விடும். ஏழு சதுர மீட்டர் கண்ணாடிக்கு ஒரு டன். பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மேற்கு நோக்கிப் பளபளக்கும் முகப்புகளை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும்.

தீப்பிடிக்கும் என்ற அச்சம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. 2017 ஜூனில் லண்டனின் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். எரியக்கூடிய முகப்புப் பலகைகளும் அவற்றின் பின்னிருந்த எரியக்கூடிய நுரையும் தீயை ஏற்றிச் சென்றன. முகப்புக்குக் கல் நார் போன்ற எரியாத பொருளைத்தான் போட வேண்டும் என்பது அதன் பாடம். கூரையில் கான்கிரீட்டுக்கும் தட்டோட்டுக்கும் நடுவே புதைந்திருக்கும் பலகையின் நிலைமை வேறு.

குளிர்நாட்டுச் சங்கதி என்பவர்களுக்கு வரைபடமே பதில். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், கடல் நடுவே இருக்கும் சிங்கப்பூர் 1979லேயே, குளிரூட்டிய கட்டடங்களின் வெளிச்சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் புகலாம் என்று உச்சவரம்பு வைத்தது. துபாய் 2003இல் வெப்பக்காப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலும் 2007இல் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதி வந்து, 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின்சுமை கொண்ட வணிகக் கட்டடங்களுக்கான அந்த 2017 விதி, சென்னை போன்ற ஈரவெப்பக் கரைகளிலும் பெரும்பாலான கட்டடங்களின் கூரை, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக 0.33 வாட்டுக்கு மேல் விடக்கூடாது என்றது. மேலே சொன்ன ஜவுளிக்கடையின் கூரை அதைப்போல ஏழு மடங்கு விடுகிறது.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் நம்பிக்கை சாகாததற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை. கட்டுகிறவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுகிறவர் இன்னொருவர். வாடகைக்கு விடும் உரிமையாளருக்குக் கூரைக் காப்பு கைவிட்டுப் போகும் செலவு. ஏசியும் கரண்ட் பில்லும் வாடகைதாரரின் தலைவலி. "நமக்கு எதுக்கு" என்ற வார்த்தை அவர் வாயில் முழுக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஏமாறுவது, வாடகை ஒப்பந்தத்தில் சதுர அடி விலையை மட்டும் பேரம் பேசிவிட்டுக் கூரை எப்படிப்பட்டது என்று கேட்காமல் கையெழுத்துப் போடும் கடைக்காரர். அவரோடு சேர்ந்து ஏமாறுவது, 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட் தேவையைச் சந்திக்க நேர்ந்த மாநிலத்தின் மின் கட்டமைப்பு.

தமிழ்நாடு 2003இல் அவசரச் சட்டம் போட்டு, எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போதும் வீண்செலவு என்றார்கள். இன்று அது இல்லாத வரைபடத்தை யாரும் அனுமதிக்குக் கொண்டுபோவதில்லை. வணிகக் கட்டடத்தின் அனுமதி விண்ணப்பத்தில் மேல்தளத்தின் வெப்பக்காப்பு மதிப்பையும் கண்ணாடியின் வெயில் கடத்தும் அளவையும் கேட்டு, கட்டி முடித்தபின் நேரில் சோதித்து, அதன் பிறகே நிறைவுச் சான்றிதழ் தர வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலும் அந்த எண் இடம்பெற வேண்டும். அதுவரை, இடம் பார்க்கப் போகும் ஒவ்வொரு கடைக்காரரும் பிற்பகல் மூன்று மணிக்குப் போய், மேல்மாடி சீலிங்குக்கு மேலே கைவிட்டுத் தளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் வாடகை பேசட்டும்.